எல்லை தாண்டினால் செல்லாது

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன்," என்றார் பெர்னதெத்.

தையல்நாயகி தன் கைத்துப்பாக்கியை அப்போதுதான் மேசைமேல் வைத்திருந்தாள். அதன் பிடியில் கடுகளவு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதுச்சேரியில் உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை இந்த அலுவலகத்துக்கு வந்து துப்பாக்கியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு போகவேண்டும். பூட்டுத் துப்பாக்கிகள் புழக்கத்துக்கு வந்த நாளிலிருந்து பெர்னதெத்தான் இங்கே அதிகாரி. அந்தப் பூட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அவர் டீயைக்கூட மறந்துவிடுவார்.

சேதி இதுதான். நாளை புதன்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி முதல், புதுச்சேரி கொடுத்த துப்பாக்கி உரிமத்தைத் தமிழ்நாடும் ஏற்றுக்கொள்ளப்போகிறது. இனி எல்லை தாண்டினாலும் பூட்டு விழாது. கடலூரோ சிதம்பரமோ, எங்கே போனாலும் விளக்கு பச்சையாகவே இருக்கும்.

"அப்ப அவங்களோடது?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"எவங்களோடது?"

"தமிழ்நாட்டுக்காரங்க துப்பாக்கி. அது நம்ம ஊருக்குள்ள திறக்குமா?"

"திறக்காம? ஒருத்தருக்கொருத்தர் ஏத்துக்கறதுதானே ஒப்பந்தம்." பெர்னதெத் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க பஸ் முதலாளி, உங்களுக்குச் சொன்னா சட்டுனு புரியும். பாண்டிச்சேரி பர்மிட் வச்சு கடலூருக்கு பஸ் விடணும்னா அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஒரு கையெழுத்துப் போடணும் இல்லையா? அதேதான் இது. இந்தப் பூட்டு ஓயாம மூணு கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கும். பிடிச்சிருக்கிற கை யாரோடது? அந்தக் கை இப்ப எங்க நிக்குது? அந்த இடத்துச் சர்க்கார் அந்தக் கையை ஏத்துக்குதா? மூணுக்கும் ஆமான்னு பதில் வந்தாத்தான் உள்ளே இருக்கிற கம்பி நகரும். இதுவரைக்கும் எல்லை தாண்டினா மூணாவது கேள்விக்கு இல்லைன்னு பதில் வந்துச்சு. நாளையிலேர்ந்து ஆமான்னு வரும்."

தையல்நாயகி பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லாததைப் பெர்னதெத் கவனிக்கவில்லை. சந்தோஷப்பட அவளுக்கு வழியும் இல்லை. நான்கு ஆண்டுகளாக அவளை உயிரோடு வைத்திருந்தது அந்த மூன்றாவது கேள்விக்கு வந்த 'இல்லை' என்ற பதில்தான்.

அவள் கணவன் அரிகிருஷ்ணனுக்கு மூன்று பஸ்கள். கடலூர் ஜம்புலிங்கத்துக்கு ஐந்து. ஒரே தடம், ஒரே கூட்டம். யார் பஸ் முன்னால் கிளம்புவது என்ற தகராறு, தனியார் பஸ் ஓடும் எல்லா ஊரிலும் இருப்பதுபோல் இங்கேயும் இருந்தது. ஒருநாள் ஜம்புலிங்கத்தின் தம்பி வீரபுத்திரன், கடலூர் பேருந்து நிலையத்தில் பயணிகள் பார்க்க அரிகிருஷ்ணனை வெட்டிக் கொன்றான். அடுத்த ஆண்டு வீரபுத்திரனை யாரோ மீன் அங்காடியில் வெட்டினார்கள். அந்த யாரோ, அரிகிருஷ்ணனிடம் முன்பு வேலை பார்த்த டிரைவர்கள் என்று ஊர் பேசியது. தையல்நாயகி சொல்லிச் செய்தார்கள் என்றும் பேசியது. அவள் சொல்லவில்லை. ஆனால் அதை நம்ப எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் தயாராக இல்லை.

உயிருக்கு ஆபத்து என்று அவள் புதுச்சேரியில் துப்பாக்கி உரிமம் வாங்கினாள். அதே காரணத்தைச் சொல்லி ஜம்புலிங்கம் கடலூரில் வாங்கினார். அதன்பிறகு ஒரு வினோதமான அமைதி வந்தது. அவர் எல்லை தாண்டினால் அவர் துப்பாக்கி வெறும் இரும்பு. அவள் தாண்டினால் அவளுடையது இரும்பு. ஆகவே இருவரும் தாண்டவில்லை. சீர்காழியில் அப்பா இறந்தபோது தையல்நாயகி போகவில்லை. ஜம்புலிங்கத்தின் மனைவி விருத்தாம்பாள் சிறுநீரகம் கெட்டு மூன்று மாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தாள். அவர் ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை. பொண்டாட்டி முகத்தைப் பார்க்கக்கூட வராத பயந்தாங்கொள்ளி என்று இரண்டு ஊரும் அவரைச் சொன்னது.

எல்லையைத் தினமும் தாண்டியது தையல்நாயகியின் மகள் செவ்வந்தி மட்டும்தான். அவளே பஸ் ஓட்டினாள். கையில் ஒன்றும் இல்லாத பெண்ணைத் தொடுவதில்லை என்ற ஏதோ ஒரு மிச்ச மரியாதை அவளைக் காப்பாற்றி வந்தது. ஒன்றும் செய்யாதவரை தங்களுக்கும் ஒன்றும் வராது என்று கடலூர்க்காரர்கள் அறிந்திருந்ததும் ஒரு காரணம். நாளை நண்பகலுக்குப் பிறகு அந்தக் கணக்கு மாறிவிடும். தையல்நாயகி துப்பாக்கியோடு கடலூருக்கு வருவாள் என்று அவர்கள் நினைப்பார்கள். அவள் வருவதற்குள் முந்திக்கொள்ள நினைப்பார்கள். முந்துவதற்கு எளிதான இடம் கடலூர் நிலையத்தில் நிற்கும் செவ்வந்தியின் பஸ்.

"எனக்கு அந்த ஊர் வேண்டாம்னு நான் சொல்ல முடியுமா மேடம்?" என்று கேட்டாள். "பாண்டிக்குள்ள மட்டும் திறந்தாப் போதும்னு?"

முடியும் என்றார் பெர்னதெத், சற்று வியப்போடு. உரிமக்காரர் தன் எல்லையைத் தானே குறைத்துக்கொள்ளலாம். போனில் கட்டைவிரலை வைத்தால் போதும், உடனே நடக்கும். திரும்பக் கூட்டுவதுதான் கஷ்டம்: போலீஸ் அறிக்கை, கலெக்டர் ஒப்புதல், எல்லாம் முதலிலிருந்து வரவேண்டும். குறைத்ததை இன்னொருவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று தையல்நாயகி கேட்டாள். இல்லை, யாருடைய உரிமத்தையும் வெளியார் பார்க்க முடியாது. துப்பாக்கியோடு எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, விளக்கு சிவப்பாகவே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

"இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க," என்று பெர்னதெத் உற்சாகமாகத் தொடர்ந்தார். எல்லைக்கோட்டில் பூட்டு உடனே விழாது. பாகூர்ப் பக்கம் ஒருவருக்குக் கூடம் புதுச்சேரியிலும் அடுக்களை தமிழ்நாட்டிலும் இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனால் துப்பாக்கி பூட்டிக்கொண்டது. அவர் வழக்குப் போட்டார். அதன்பிறகுதான் கோட்டுக்கு இருபுறமும் முப்பது மீட்டர்வரை சந்தேகத்தின் பலன் உரிமக்காரருக்கே என்று மாற்றினார்கள். அந்த முப்பதைத் தாண்டினால்தான் பூட்டும். பூட்டும்போது சத்தம் கிடையாது, விளக்கு மட்டும் சிவக்கும். திறக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று இரண்டு முறை கூவும்.

"தெரியும்," என்றாள் தையல்நாயகி. "எங்க கண்டக்டருங்க ரெண்டு விசில் அடிச்சா, அதை 'ரைட்'டுன்னு சொல்லுவாங்க."

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அவள் மகளுக்குத் தன் திட்டத்தைக் காட்டினாள். கரண்டியை நடுவில் நீளமாக வைத்தாள், அது எல்லை. இந்தப் பக்கம் ஒரு டம்ளர், அந்தப் பக்கம் ஊறுகாய் பாட்டில்.

"டம்ளர் நான். பாட்டில் அவர். அவங்கவங்க வீட்டுல இருந்தா ரெண்டு துப்பாக்கியும் பேசும். நான் அங்க போனா அவரோடது மட்டும் பேசும். அவர் இங்க வந்தா என்னோடது மட்டும்."

"சரி. அப்ப எங்கதான் பாக்கறது?"

தையல்நாயகி டம்ளரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். பாட்டிலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள். "நான் அவர் ஊர்ல. அவர் நம்ம ஊர்ல. இப்ப எது பேசும்?"

செவ்வந்தி சிரித்துவிட்டாள். "எதுவும் பேசாது. ஆனா ரெண்டு பேரும் பேசலாம்."

"போன்ல."

"ரெண்டு பேரும் வீட்டுல வச்சிட்டு வந்துட்டா இவ்ளோ கஷ்டம் எதுக்கும்மா?"

"வச்சிட்டு வந்தேன்னு அவர் சொன்னா நீ நம்புவியா?"

மகள் நம்பமாட்டாள்.

திட்டத்தின் மீதியைத் தையல்நாயகி சொன்னாள். ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்போது அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அவளருகே ஜம்புலிங்கத்தின் வீட்டு ஆள், அவரருகே செவ்வந்தி. பன்னிரண்டு மணிக்குமுன் இருவரும் கட்டைவிரல் வைத்து எல்லையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு அடிக்கும்போது உறையை விலக்கி விளக்கைக் காட்டவேண்டும். சிவப்பாகவே இருந்து, கூவாமலும் இருந்தால், இருவரும் சொன்ன சொல் நின்றதாக அர்த்தம். நான்கு ஆண்டு இருந்த அமைதி அப்படியே தொடரும்.

ஜம்புலிங்கத்துக்கு அவளே போன் செய்தாள். மணிக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கும் என்று தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் முழுதும் கேட்டார். என் பக்கத்துல உன் பொண்ணு, உன் பக்கத்துல என் தம்பி பசங்க, அப்படித்தானே என்று மட்டும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் வந்த சரி அவளுக்குப் பிடிக்கவில்லை. இரவு முழுதும் அதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று தேடினாள், கிடைக்கவில்லை.

புதிய நான்குவழிச் சாலை வந்தபின் யாரும் போகாத பழைய ஆற்றுப் பாலம் ஒன்று உண்டு. ஆற்றின் நடுவில் எல்லை. புதன்கிழமை பதினோரு மணி வெயிலில் ஒரு முனையில் செவ்வந்தி பஸ்ஸை நிறுத்தினாள். மறுமுனையில், மூடிக் கிடந்த சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில், ஒரு வேன் ஏற்கெனவே நின்றது.

தையல்நாயகியும் ஜம்புலிங்கமும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கினார்கள். கையில் போன் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது என்பது பேச்சு. பாலத்தின் நடுப்பகுதியில் இரண்டு துப்பாக்கியும் திறந்திருக்கும். இந்தத் திட்டத்தில் அவளால் அடைக்க முடியாத ஓட்டை அது ஒன்றுதான். அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போன யாரோ ஒருவருக்காகப் போட்ட அறுபது மீட்டர்.

ஜம்புலிங்கம் இளைத்திருந்தார். வேட்டி, வெளியே விட்ட சட்டை. இடது இடுப்பில் சட்டை புடைத்திருந்தது. நெருங்கி வரும்போது அவர் கை சட்டென்று இடுப்புக்குப் போனது. தையல்நாயகி நின்றுவிட்டாள். அவள் கையும் தானாகவே பாதி வழி போயிருந்தது. அவர் அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, கையை உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே, கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக அவர் வியர்வை வாசனை அவளுக்கு எட்டியது. கடந்து போனார்கள்.

பாலத்தின் நடுவைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் நடந்ததும் அவள் பிடியிலிருந்த விளக்கு சிவந்தது. பாலத்தைக் கடந்து அவள் தமிழ்நாட்டில் நின்றாள். எதிரே வீரபுத்திரனின் மகன்கள் இருவர். மூத்தவன் தேசிங்குக்கு அப்பாவின் தாடை. அவன் வேனின் கதவைத் திறந்தே வைத்திருந்தான். இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றிய எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்கத் தேவையில்லை. அரிவாளுக்கு எந்த மாநிலத்திலும் உரிமம் வேண்டாம்.

தொலைவில், பஸ்ஸின் நிழலில், ஜம்புலிங்கம் சிறிய உருவமாகத் தெரிந்தார். அவருக்குச் சில அடி தள்ளிச் செவ்வந்தியின் மஞ்சள் துப்பட்டா. தையல்நாயகி போனைக் காதில் வைத்தாள். யார் முதலில் கட்டைவிரல் வைப்பது என்பதில் பேச்சு நின்றது. அவள் அவரை முதலில் வைக்கச் சொன்னாள். அவர் மழுப்பினார், பன்னிரண்டு ஆகட்டும், என்ன அவசரம் என்றார். பன்னிரண்டு ஆனால் எல்லாம் திறந்துவிடுமே, அதற்கு முன்னால்தானே வைக்கவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் இடுப்பிலிருந்து இரண்டு முறை கூவியது.

நடந்தது இதுதான். ஆணையில் நண்பகல் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. ஆனால் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைக்க ஒரு மந்திரி வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். காலையில்தான் யாரோ காலண்டரைக் கிழிக்கும்போது அதைக் கவனித்திருக்கிறார்கள். விழாவைப் பன்னிரண்டுக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். ஆணையைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. புது டயர் மாட்டக்கூட ராகு காலம் பார்க்கும் தையல்நாயகி, அரசாங்க உத்தரவுக்கும் அதைப் பார்க்கவேண்டும் என்று நினைக்காமல் போனாள்.

பச்சை விளக்கு அவள் சேலைக்கு மேல் எரிந்தது. தேசிங்கு அதைப் பார்த்தான். அவன் தம்பி வேனுக்குள் குனிந்தான்.

"ஏமாத்திட்டா," என்றான் தேசிங்கு, சத்தம் போடாமல்.

"இருடா. மணி தப்பாயிருச்சு. நான் தொடல பாரு." தையல்நாயகி வெறுங்கையை உயர்த்திக் காட்டியபடி போனில் பேசினாள். "என்னோடது திறந்துடுச்சு. உங்களோடது?"

மறுமுனையில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவருடையது கூவியிருந்தால் போனில் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியானால் அவர் வரும்முன்பே எல்லையைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றியிருக்கிறார். பச்சை விளக்கோடு எதிரியின் ஊரில் நிற்பது அவள்தான். முகம் சுட்டது.

"முன்னாடியே குறைச்சுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உன் பொண்ணைப் பாக்கச் சொல்றேன்," என்றார் ஜம்புலிங்கம். "அவ சொல்லட்டும்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு செவ்வந்தியின் குரல், மிகத் தாழ்ந்து: "அம்மா, செவப்பும் இல்ல, பச்சையும் இல்ல. வெளக்கே எரியல. செத்துக் கெடக்கு இது."

தையல்நாயகிக்கு முதலில் விளங்கவில்லை. உரிமம் உயிரோடிருக்கும் துப்பாக்கியில் ஏதாவதொரு நிறம் எரிந்தே தீரும். இரண்டும் இல்லை என்றால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு.

"இப்ப நம்மகிட்ட மட்டுந்தான் இருக்கும்மா," என்றாள் செவ்வந்தி. அந்தக் குரலில் தையல்நாயகி இதுவரை கேட்காத ஒரு சூடு இருந்தது. "இவருகிட்ட ஒண்ணுமே இல்ல."

"அவர்கிட்ட குடு."

ஜம்புலிங்கம் அவசரமில்லாமல் சொன்னார். அரிகிருஷ்ணன் கொலை வழக்கில் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரையும் சேர்த்தபோதே உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். துப்பாக்கியை வாங்கிப் போகக்கூட யாரும் வரவில்லை. எங்கோ ஒரு பதிவில் பெயரை அழித்தால் இங்கே பூட்டு நிரந்தரமாக விழுந்துவிடுகிறது. பிறகு அந்த இரும்பு யாருக்கு வேண்டும்? அவர் வெளியே சொல்லவில்லை. தினமும் இடுப்பில் மாட்டிக்கொண்டு சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பசங்க என்னை மதிக்கறது இந்த இடுப்புக்குத்தான். பெரியப்பன் சும்மா இருக்கான்னா ஏதோ நேரம் பாக்கறான்னு நெனைக்கறானுங்க. இது செத்த துப்பாக்கின்னு தெரிஞ்சா அன்னைக்கே என்னை ஓரமா ஒக்கார வச்சிட்டு அவனுங்க கெளம்பிடுவானுங்க. எங்க போவானுங்கன்னு உனக்குத் தெரியும்."

"விருத்தாம்பாள் அக்கா..." என்று தொடங்கி அவள் நிறுத்தினாள்.

"வந்திருக்கலாம். கார்ல பசங்க கூட வருவானுங்க. திரும்பி நம்ம ஊருக்குள்ள நுழையறப்ப இது கூவணும். கூவாது. இன்னிக்கு நீ சொன்ன ஏற்பாட்டுல என் வெளக்கை உன் பொண்ணுதான் பாக்கும், இவனுங்க பாக்கமாட்டானுங்க. அதனாலதான் சரின்னேன். உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீ என்ன செய்வியோ செய்."

அவர் பயந்தாங்கொள்ளி இல்லை என்பது அவளுக்கு அந்த வெயிலில் உறைத்தது. அது அவளுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. கணவன் செத்துக் கிடந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது இந்த மனிதர், அவன் பஸ் கிளம்பவேண்டிய நேரத்துக்குத் தன் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போனார். இப்போது அவரிடம் ஒன்றும் இல்லை. அவள் துப்பாக்கி இனிக் கடலூரிலும் திறக்கும். இன்றில்லை என்றால் நாளை, ஏதாவதொரு நாள், அவர் வீட்டு வாசலில். தடுக்க யாருமில்லை. மகளும் அதைத்தான் சொன்னாள்.

அவரும் போய்விட்டால் அவர் இடத்தில் யார் உட்காருவது? அவள் தேசிங்கைப் பார்த்தாள்.

அவன் நெருங்கி வந்திருந்தான். சாக்கிலிருந்து எடுத்ததை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். கண்ணில் தூக்கமில்லை.

"பெரியப்பாவோடது ஏன் கூவல?" என்று கேட்டான். "ஒன்னுது மட்டும் கூவுது. அவர் என்ன சொல்றாரு போன்ல?"

தையல்நாயகி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவனுக்குப் பதில் சொன்னாள். அந்தக் கரையில் இருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"கூவுச்சு. இங்கேர்ந்து உனக்கு எப்படிக் கேக்கும்? உங்க பெரியப்பா பச்சை வெளக்கோட என் பொண்ணுக்கு முன்னாடி நிக்கிறாரு. நான் இங்க அசைஞ்சா அவர் அங்க அசைவாரு. நீ அதைக் கீழ போடு, தம்பி. ஒரே பொண்ணு எனக்கு."

கடைசி வாக்கியத்துக்கு அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

தேசிங்கு பாலத்துக்கு அப்பால் பார்த்தான். தொலைவில் அந்தச் சிறிய உருவம் இடது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காலை அகட்டி, மஞ்சள் துப்பட்டாவுக்கு எதிரே நிமிர்ந்து நின்றது. அவன் அப்பா செத்தபிறகு அவன் பார்த்து வளர்ந்த நிற்கும் முறை அது. அவன் தோள்கள் இறங்கின. கையிலிருந்ததைத் தரையில் வைக்கவில்லை, ஆனால் தாழ்த்தினான்.

தையல்நாயகி போனில் ஒலிபெருக்கியைப் போட்டாள். "நான் இப்ப குறைக்கறேன். நீங்களும் குறைங்க. என்னோடதை உங்க பையன் பாக்கறான்."

அவள் திரையில் உரிமத்தைத் திறந்தாள். புதுச்சேரி, தமிழ்நாடு என்று இரண்டு பெயர்கள் இருந்தன; இரண்டாவது இன்றுதான் வந்தது. அதை நீக்குவதற்குக் கட்டைவிரலை வைத்தாள். நிச்சயமா என்று போன் கேட்டது. அவள் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு மறுபடி வைத்தாள். பிடியிலிருந்த பச்சை மறைந்து சிவப்பு வந்தது. தேசிங்கு குனிந்து, முகத்தை வெகு அருகே கொண்டுவந்து அந்தச் சிவப்பைப் பார்த்தான். அவன் நெற்றி அவள் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இப்போது அவன் நினைத்தால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

"செவந்துடுச்சு பெரியப்பா," என்று போனைப் பார்த்துச் சொன்னான்.

"என்னோடதும்," என்றார் ஜம்புலிங்கம்.

"செவ்வந்தி, பாத்தியா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு மகள் என்ன சொல்வாள் என்று அவளுக்கு நிச்சயம் இல்லை. ஒத்திகை பார்க்கவோ கண்ணைக் காட்டவோ வழியில்லை. இடையில் ஒரு ஆறு. செவ்வந்தி இப்போது சொல்வதும் முன்புபோல் சூடாக இருந்தால், எல்லாம் இங்கேயே முடிந்துவிடும்.

"பாத்தேம்மா," என்றாள் செவ்வந்தி. "செவப்புதான்."

தேசிங்கு வேனுக்குத் திரும்பி நடந்தான். சாக்கை எடுத்து மடித்துச் சுற்றுவதை அவள் பார்த்தாள். அவன் தம்பி டயரை உதைத்தான். இருவர் முகத்திலும் ஏமாற்றம் இருந்தது. நிம்மதியும் இருந்ததோ என்னவோ, அவளால் சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது எல்லை நெருங்கியதும் அவளுடையது இரண்டு முறை கூவியது. பாலத்தின் நடுவில் மறுபடி எதிரெதிரே வந்தார்கள். இந்தமுறை அவர் நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உன் புருசன் விசயத்துல நான்..." என்று தொடங்கினார்.

"அது கோர்ட்டுல இருக்கு," என்றாள் தையல்நாயகி. "அங்கேயே இருக்கட்டும். அதை நான் மன்னிக்கல. மன்னிச்சேன்னு நெனைச்சுக்காதீங்க."

அவர் தலையசைத்தார். அவள் நடக்கத் தொடங்கிவிட்டு, திரும்பி வந்தாள். அவருக்குப் பின்னால் தொலைவில் வேனில் சாய்ந்து நின்ற இருவரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இடது இடுப்பில் சட்டை மடிந்து ஒதுங்கி, இருண்ட பிடி வெளியே தெரிந்தது.

"சட்டையை இழுத்து விடுங்க," என்றாள். "வெளக்கு இல்லாதது தெரியுது. வீட்டுல இருக்கும்போதும் கழட்டாதீங்க. காய்ச்சல்ல படுத்தாலும் மாட்டிக்கிட்டே படுங்க."

ஜம்புலிங்கம் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு தோளை நிமிர்த்தி, காலை ஊன்றி, தன் தம்பி மகன்களை நோக்கி நடந்தார். அவர் சரியாக நடக்கிறாரா என்று பாலத்தின் முனைவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.